கண்ட்ரோல் எஸ்

எங்கள் அலுவலகக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அந்தக் கறுப்புத் திரை நிரலை எழுதியவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்! ஊரெல்லாம் கண்ட்ரோல் சி அழுத்தினால் நகலெடுக்கும். இதில் நிரலே செத்துவிடும். வாரத்துக்கு நாலு பேராவது மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொருவரிடமும் தொண்டைத் தண்ணி வற்றக் கத்த வேண்டும்.

அன்று மூன்றே முக்காலுக்கு, மூன்றாவது மாடியில் குமாஸ்தாவாக இருக்கும் என் தங்கை போன் செய்தாள். அதே நிரலில் போட வேண்டிய இடமாற்ற விண்ணப்பத்துக்கு நாலு மணியோடு கெடு. அவள் கணவரும் ஆறு வயது மகளும் வேறு ஊரில். இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறாள்.

"அண்ணா, சீக்கிரம் வா! ஒண்ணுமே அசைய மாட்டேங்குது!"

"என்னத்த அமுக்கித் தொலைச்ச?"

"நான் ஒண்ணுமே அமுக்கல!"

எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். மூச்சிரைக்க மாடியேறி, அவளை நகரச் சொல்லி, உயிர் இருக்கிறதா என்று பார்க்க என்டரை மூன்று முறை ஓங்கித் தட்டினேன். அசையவில்லை.

"நெஜமா என்னதான் பண்ண?"

"முதல் பக்கத்த முடிச்சு அடுத்ததுக்கு வந்தேன். எதுக்கும் சேவ் பண்ணிக்கலாம்னு கண்ட்ரோல் எஸ்..."

"ஐயோ, மக்கு! இதுல அது சேவ் இல்லடி. திரைய நிறுத்தி வைக்கிறது. கண்ட்ரோல் க்யூ அடிச்சா விட்டுடும், அவ்வளவுதான்."

பெருமையாக அடித்தேன். திரை ஓடியது.

நின்றிருந்தது திரை மட்டும்தான். தட்டியதெல்லாம் நிரலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் முதல் என்டர், அந்த இரண்டாம் பக்கத்து இடப் பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவது, 'உறுதியா?' என்ற கேள்விக்கு ஆம் சொன்னது. மூன்றாவது, அனுப்பியே விட்டது.

'விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கோரிய இடம்: தற்போதைய அலுவலகம். மாற்ற இயலாது. அடுத்த வாய்ப்பு: மூன்று ஆண்டுகளுக்குப் பின்.'

க்யூவை அடித்தேன், எஸ்கேப்பை அடித்தேன், கண்டதையெல்லாம் அடித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"அப்போ பாப்பாவுக்கு ஒன்பது வயசாயிடும், இல்லண்ணா?" என்றாள்.