மிச்சமிருந்த ரத்தம்

ஆஸ்பத்திரி லேபில் சோதனைக் குழாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள். கொசு குடித்துவிட்டு வைத்த மிச்சம் போலக் கொஞ்சம் ரத்தம் இருந்தது. இன்னொரு தடவை பரிசோதிக்க அது போதும், ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தால்.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன்.

“வண்டி வந்து நிக்குது. அப்பாவை எவ்வளவு நேரம் வெச்சிருக்கிறது? எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க.”

“கொஞ்சம் பொறுண்ணே. பிள்ளையோட ரத்தத்தை இன்னொரு தடவை மெஷின்ல போடணும்.”

அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணனின் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரத்தத்தில் கிருமி. உடம்பு கிருமியோடு மல்லுக்கட்டும்போது ஏறுகிற சி.ஆர்.பி. என்ற புரதத்தை அவள்தான் தினமும் அளந்து சொன்னாள். முதல் நாள் எண் குறைவாக இருந்தது. அது தாமதமாகத்தான் ஏறும் என்று தெரிந்தும், சந்தோஷத்தில் அப்பாவிடம் உளறிவிட்டாள். டாக்சி ஓட்டி, தெருவில் ‘மீட்டர்’ என்றே பெயர் வாங்கியிருந்தவர், பேரனுக்கு ஒன்றுமில்லை என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் எண் எகிறியது. “மீட்டர் எறங்கணும்னு நான் வேண்டிக்கிறது இதுதான் முதல் தடவை” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நேற்று ஐம்பத்தெட்டு. சற்றுமுன் வந்தது இருபத்து நான்கு. அவளால் நம்ப முடியவில்லை. ஒரு தடவை ஏமாந்தது போதும் என்றுதான் மறுபடி போட்டாள்.

திரையில் எண் வந்தது. அதே இருபத்து நான்கு.

உடனே குழந்தைகள் வார்டுக்குப் போன் போட்டாள். டாக்டர் குரலிலும் துள்ளல் தெரிந்தது. “மருந்து வேலை செய்யுதும்மா. காலையில இருந்து பாலும் நல்லா குடிக்கிறான்.”

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியெல்லாம் வாய் தானாகச் சிரித்தது. சாவு வீட்டு வாசலில் இறங்கியபோதும் அது அடங்கவில்லை. கூடியிருந்தவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

“எறங்கிருச்சுண்ணே. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்.”

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா அவளருகே வந்தாள்.

“போன தடவை மாதிரி இல்லையே?”

“இல்லம்மா. பாலும் குடிக்கிறானாம்.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போர்வைக்குள் கைவிட்டு அவர் கையைத் தேடி எடுத்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

வண்டி ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் என்று அண்ணன் கைகாட்டினான்.