சோஃபாவில் உட்கார்ந்திருந்த சாட்சி

விசாரணைக் குழுவின் ஆட்கள் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தபோது டெட்ராய்டில் இலைகள் உதிரத் தொடங்கியிருந்தன. கலவரம் நடந்தது 1967 ஜூலையில். எரிந்த கடைகளின் கரியைக்கூட யாரும் இன்னும் முழுதாக அள்ளியிருக்கவில்லை. நாட்டின் நகரங்கள் ஏன் பற்றி எரிந்தன, கறுப்பர்களுக்கு என்னதான் குறை என்று கண்டறியக் குடியரசுத் தலைவர் அமைத்த குழு அது.

எனக்கு அந்த 'ஏன்' அப்போது பெரிதாகப் படவில்லை. என் தம்பி டெல்பர்ட் ஜூலையிலிருந்து சிறையில் இருந்தான். எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து, கலவரத்தை அடக்க வந்த படைவீரர்களை மறைந்திருந்து சுட்டான் என்று வழக்கு. வீட்டில் துப்பாக்கியே கிடையாது. போலீசார் தரையைப் பெயர்த்துப் பார்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் யாராலும் கட்ட முடியாத ஜாமீன் போட்டு உள்ளே தள்ளிவிட்டார்கள். அவனைப் பிடித்த மாலையில் நான் வீட்டில் இல்லை. யாரும் கொளுத்திவிடாதபடி இது கறுப்பர் கடை என்று கண்ணாடியில் எழுதி வைத்துவிட்டு என் முடி அலங்காரக் கடைக்குள் தண்ணீர் வாளிகளோடு உட்கார்ந்திருந்தேன்.

குழுவிலிருந்து வந்தவர் பாஸ்கம் என்ற பருத்த மனிதர். நம்மவர்தான், ஓஹாயோவில் பள்ளி ஆசிரியராக இருந்தவராம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். ஆரம்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை.

"பழைய தெருவையே இடிச்சு நெடுஞ்சாலை போட்டாங்க. எங்களை இங்க கொண்டாந்து ஒரு வீட்டுல நாலு குடும்பமா அடைச்சாங்க," என்றார் ஒருவர்.

"வேலைக்குப் போய் நின்னா, போன வாரமே ஆள் எடுத்துட்டோம்கறான். எந்த வாரம் போனாலும் போன வாரம்தான்," என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கமும் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

என் முறை வந்தது. "உங்களுக்கு என்னம்மா குறை?"

"என் தம்பியை உள்ள வெச்சிருக்காங்க. அதான் குறை. அவனை வெளில எடுங்க, மீதியெல்லாம் நிதானமா சொல்றேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "என்னால யாரையும் வெளில எடுக்க முடியாதும்மா. பொய்யா ஆசை காட்ட மாட்டேன். எங்ககிட்ட சொல்றது போலீசுக்குப் போகாது, பேரு வெளில வராது. அதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. சரி, உங்க தம்பியைப் பிடிச்சப்போ தெருவுல வேற யாரு இருந்தாங்க?"

"ஊரடங்கு சார். யாரு இருப்பாங்க?"

வீட்டுக்கு நடக்கும்போது அந்த ஆள் மேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை எந்தப் போலீஸ்காரனும் கேட்டதில்லை என்பதும் மனதில் உறுத்தியது.

சனிக்கிழமை பக்கத்துத் தெரு இமோஜீன் முடியை நேராக்கிக்கொள்ள வந்தாள். சூட்டுச் சீப்பை அவள் காதோரம் இழுத்தபடியே பாஸ்கமைப் பற்றிப் புலம்பினேன். "தெருவுல யாரு இருந்தாங்கன்னு கேக்கறாரு. பேய்தான் இருந்துச்சு."

எப்போதும் வாய் ஓயாதவள் தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திருகினாள். கண்ணாடியில் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது.

"சுட்டுட்டேனாடி?"

"இல்ல ஓசெல்லா. எங்க வீட்டு ஆளு இருந்தாரு."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு எதுத்தாப்புல. சோஃபாவுல."

சீப்பை அடுப்பிலேயே வைத்துவிட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் கணவன் ஹோசியா, அவள் தம்பியோடு சேர்ந்து, எரிந்துகொண்டிருந்த மரச்சாமான் கடையிலிருந்து ஒரு சோஃபாவைத் தூக்கி வந்திருக்கிறான். எங்கள் வீட்டெதிரே வந்ததும் கை ஓய்ந்து, நடைபாதையில் இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டெல்பர்ட்டைப் பிடித்தது முழுக்க அவர்கள் கண்ணெதிரேதான்.

"மூணு மாசமா என்கிட்ட தலையைக் காட்டிட்டு உட்காந்திருந்தியே!" என்றேன்.

"அவரு வேலை போயிடும்டி. வார்ப்பட ஆலையில பதினோரு வருஷம். திருட்டுன்னு ஒரு கேஸ் வந்தா வாசல்லயே நிறுத்திடுவான்."

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அந்த சோஃபா படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. ஹோசியா அதில் உட்காராமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வா தங்கச்சி. திட்டணும்னா திட்டிடு."

"திட்ட வரலண்ணே. தேவாலயத்துல ஒருத்தர் உட்காந்திருக்காரு. பேரு கேக்க மாட்டாரு. அவர்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அதற்கு ஒப்புக்கொண்டான். மறுநாள் பிரார்த்தனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் பாஸ்கம், ஹோசியா, நான் மூவரும் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தியபின் ஹோசியா தொப்பியைச் சுருட்டியபடி சொன்னான்.

"அப்பதான் தெருவிளக்கு எரிஞ்சுது சார். மூலையில நின்ன படைக்காரப் பசங்க, வெளிச்சத்துல தெரிஞ்சா நம்மளைச் சுட்டுடுவாங்கன்னு பயந்து, விளக்கைச் சுட்டு அணைச்சாங்க. பயந்த சின்னப் பசங்க, பாவம். இருட்டுல எங்களை அவங்க கவனிக்கல. அந்தச் சத்தம் கேட்டு அடுத்த தெருவுல நின்ன இன்னொரு படைக்காரக் கூட்டம், நம்மளைத்தான் யாரோ சுடறான்னு நெனச்சு இந்தப் பக்கம் சுட ஆரம்பிச்சுது. டெல்பர்ட் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்த கையை நீட்டினான். அவ்வளவுதான். 'அதோ!'ன்னு ஒருத்தன் கத்தினான்."

பாஸ்கம் எழுதுவதை நிறுத்தியிருந்தார். போன ஊர்களிலும் இதே மாதிரி கேட்டதாகச் சொன்னார். அடுத்த வசந்தத்தில் வெளிவந்த அந்தக் குழுவின் அறிக்கையிலும், மறைந்திருந்து சுட்டார்கள் என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை காவலர்களும் படையினரும் சுட்ட குண்டுகளே என்று இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது எங்களுக்குத் தெரியாது.

"எனக்கு இது பெரிய விஷயம்," என்றார் பாஸ்கம். "ஆனா அந்தப் பையனுக்கு இதால பிரயோசனம் இல்ல. உங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன், மீற மாட்டேன். பேரில்லாத ஆளு கோர்ட்ல சாட்சி சொல்ல முடியாதே."

ஹோசியா என்னைப் பார்த்தான். நான் கெஞ்சப் போகிறேன் என்று காத்திருந்தான்.

"நான் கேக்க மாட்டேண்ணே," என்றேன். "கேட்டு நீங்க முடியாதுன்னுட்டா, அப்புறம் எந்த முகத்தோட இமோஜீன் தலையில கை வைப்பேன்?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறிப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாஸ்கம் தன் கைக்குட்டையைத் தந்தார்.

வழக்கு வந்த காலையில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் எங்கள் வக்கீல் லெவிட்டோடு நின்றிருந்தேன். இழவு வீட்டுக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டில் ஹோசியா வந்துகொண்டிருந்தான். பின்னால் இமோஜீன், தொப்பியோடு.

"நீ கேக்கலைல்ல, அதான் வினை," என்றான் என்னிடம். "கேட்டிருந்தா முடியாதுன்னுட்டு நிம்மதியா தூங்கியிருப்பேன்."

லெவிட் அவனை ஓரமாக அழைத்து எச்சரித்தார். "உங்க மேலயும் கேஸ் வரலாம், யோசிச்சுக்குங்க."

"மூணு மாசம் யோசிச்சாச்சு சார்."

சாட்சிக் கூண்டில் அவன் சொன்னதைக் கேட்டு அரசு வழக்கறிஞர் உதட்டைச் சுழித்தார்.

"ஊரடங்கு நேரத்துல அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"உட்காந்திருந்தேனுங்க."

"எதுல?"

"சோஃபாவுல."

"நடைபாதையில சோஃபாவா? யாரோட சோஃபா?"

"என்னுது இல்லீங்க," என்றான் ஹோசியா. "அதனாலதான் இத்தனை நாள் வரல."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவனை நெடுநேரம் பார்த்தார். திருட்டை ஒப்புக்கொண்டு இன்னொருவனைக் காப்பாற்ற வருபவன் எதற்காகப் பொய் சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். டெல்பர்ட்டைப் பிடித்த காவலரைப் பார்த்து, "துப்பாக்கி கிடைச்சுதா?" என்றார்.

"இல்லை ஐயா."

"இவன் சுட்டதைப் பாத்தீங்களா?"

"கையைப் பாத்தோம், ஐயா."

"கையை," என்றார் நீதிபதி. வழக்கைத் தள்ளுபடி செய்ய அதற்குமேல் அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. லெவிட் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.

ஹோசியா மீது வந்தது சின்ன வழக்கு. நன்னடத்தைப் பிணையில் விட்டுவிட்டார்கள். ஆலை மேலாளர் கூப்பிட்டு உறுமினார், வேலையைப் பறிக்கவில்லை. சோஃபாவைக் காவல்துறை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனபோது, "அந்தப் பச்சை நிறம் எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே பிடிக்கல," என்றாள் இமோஜீன்.

வழக்கு தள்ளுபடியான அன்றே மதியம் சிறையின் பக்கவாட்டுக் கதவு வழியாக டெல்பர்ட் வந்தான். பாதியாக இளைத்திருந்தான். பெல்ட்டைத் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது, கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான்.

"என்னக்கா, கடைய மூடிட்டா வந்த?"

"பெரிய துரை, உனக்காக மூடக்கூடாதா?"

அவன் சிரித்தான். மறுகையால் என்னை இழுத்துத் தோளில் முகம் புதைத்துக்கொண்டான். ஹோசியா மெல்ல இருமினான். டெல்பர்ட் திரும்பி அவனைப் பார்த்தான்.

"லேட்டாயிடுச்சு தம்பி," என்றான் ஹோசியா.

"வந்தீங்களேண்ணே."

ஹோசியாவின் காரில் போனோம். குளிரில் நாங்கள் மூவரும் கத்தியும் டெல்பர்ட் ஜன்னலை ஏற்ற விடவில்லை. தலையை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு வந்தான். வீட்டில் மீனைப் பொரித்து, சோள ரொட்டி சுட்டேன். நான்காவது துண்டு மீனில் மேசையிலேயே தூங்கிவிட்டான். முள் தொண்டையில் சிக்கிவிடப் போகிறதே என்று வாயிலிருந்ததை விரலால் எடுத்துப் போட்டேன், சின்ன வயதில் செய்தது போல. அவன் விழிக்கவில்லை. என் காலணியைக் கழற்றிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜூலைக்குப் பிறகு அன்றுதான் எனக்கும் பசித்தது. மிச்சமிருந்த மீன் எல்லாவற்றையும் நானே தின்று தீர்த்தேன்.