அக்கா சொல்லாத ‘ஆமாம்’

அக்காவின் கால் நகங்களில் பாதி உரிந்துபோயிருந்த சிவப்புச் சாயத்தைத் தங்கை பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் கணவர் பக்கத்தில் வந்து குனிந்தார். மருந்துக்கடைக்காரர், எதையும் காதோடு காதாகச் சொல்லியே பழகியவர்.

“வக்கீல்கிட்ட பேசிட்டேன். இனிமே உங்க அத்தான் ஒருத்தர் சம்மதிச்சாலே போதுமாம்.”

“அவளை இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள வக்கீலா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

வெடுக்கென்று கேட்டுவிட்டாளே தவிர, சாவுச் செய்தி வந்ததும் அவள் மனதில் முதலில் ஓடியதும் அதுதான். அழுகை அப்புறம்தான் வந்தது. நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தங்கைக்குப் பிள்ளையில்லை. அக்காவுக்கோ இரண்டு பையன்கள், மூன்றாவதாகப் பெண். அது பால் மறந்ததும் தூக்கி வந்து தங்கை மடியில் போட்டாள் அக்கா. “இந்தா, வளத்துக்கோ. எங்க இருந்தா என்ன, நம்ம வீட்டுப் பிள்ளைதானே.” ஓயாமல் பேசும் அந்தக் குழந்தைக்குச் சில்வண்டு என்று பெயர் விழுந்தது. பெற்றவளைப் பெரியம்மா என்றது. யாரும் திருத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் சட்டம் குறுக்கே நின்றது. வாய்வார்த்தையாகத் தத்துக் கொடுத்ததெல்லாம் செல்லாதாம். பெற்ற இருவரும் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுப்பதாகச் சொல்ல வேண்டுமாம். போனார்கள். லாரி ஓட்டுகிற அத்தான் டக்கென்று ‘ஆமாங்கம்மா’ என்றார். நீதிபதி அம்மாள் அக்காவிடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

“இனி இந்தக் குழந்தைமேல உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. புரிஞ்சு, மனசாரத்தான் குடுக்கறீங்களா?”

அக்கா தரையைப் பார்த்தாள். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்றும் அதே கதை. சலவைக்கடையில் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கதையடிக்கிறவள், அங்கே மட்டும் வாயடைத்து நின்றாள். வெளியே வந்ததும் தங்கை பொரிந்து தள்ளினாள். “குடுத்த மாதிரியும் இருக்கணும், குடுக்காத மாதிரியும் இருக்கணும். அப்படித்தானே உனக்கு?” அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டே சரிந்த அக்கா எழுந்திருக்கவில்லை.

அத்தான் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“திங்கக்கிழமையே கோர்ட்டுக்கு வரேம்மா. ஒரு வார்த்தைதானே.”

“இப்ப யாரு அத்தான் அதைக் கேட்டா?”

“வாயால கேக்கல. மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கே.” அவர் குரலில் கோபமில்லை. “ரெண்டு தடவையும் வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வந்தா. ‘ஆமாங்கம்மா, ஆமாங்கம்மா’ன்னு. உனக்குக் குடுக்கணும்னுதான் நெனச்சா. மனசாரவான்னு கேட்டதும் பொய் சொல்ல வரல அவளுக்கு.”

 தங்கை பஞ்சை மடித்து இன்னொரு நகத்தைத் துடைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. சவப்பெட்டியை மூடுமுன் யாரோ குரல் கொடுத்தார்கள்: “பெத்த பிள்ளைங்க மொதல்ல வந்து பூ வைங்கப்பா.”

பையன்கள் இருவரும் தலைமாட்டில் போய் நின்றார்கள். சில்வண்டு தங்கையின் உடையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றது. அத்தான் குழந்தையைப் பார்த்தார். கூப்பிடவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வேண்டாமென்று தலையசைத்தார். பேசாமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை வந்தால் எல்லாம் முடிந்துவிடும். குழந்தைக்கு எதுவும் தெரியாமலே போய்விடும்.

தங்கை குனிந்து, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

“நீயும் போ. அண்ணனுங்க பக்கத்துல நில்லு.”

“அவங்க பெரியம்மாவோட பிள்ளைங்கம்மா.”

“நீயும்தான்.”

குழந்தை அவள் முகத்தையே பார்த்தது, விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்பதுபோல. பிறகு மெல்ல நடந்தது. பெரியவன் நகர்ந்து இடம்விட்டான். பெட்டி எட்டவில்லை, இடுப்பைப் பிடித்துத் தூக்கினான்.

பூ வைத்த பிறகும் சில்வண்டு திரும்பி வரவில்லை. அண்ணன்கள் நடுவிலேயே நின்றது. தங்கையும் கூப்பிடவில்லை.