பாம்புச்செவி

பட்டறையில் எல்லாரும் தம்பியைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள். தீப்பொறியின் சுடர் போய்ச் சேருமுன் பெட்ரோல் தானாகவே வெடித்தால், இன்ஜினுக்குள் சரளைக்கல்லை உருட்டியதுபோல ஒரு சத்தம் எழும். நாக்கிங் என்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் பிஸ்டன் பாழ். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த சிலிண்டரில் அந்தச் சத்தம் என்று சொல்லிவிடுவான் தம்பி. அக்கா பந்தயக் கார் ஓட்டுபவள். அவள் இன்ஜினில் அவனைத் தவிர யாரும் கை வைத்ததில்லை.

போன பந்தயத்தில் அந்த இன்ஜின் பாதி வழியில் புகை கக்கி நின்றுபோனது. பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் உருகிக் கிடந்தது. பெட்ரோல் சரியில்லை என்றான் தம்பி. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் புது இன்ஜின் வந்தபோது, கூடவே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் ஒரு நாக் சென்சரையும் வாங்கி வந்து, “இதையும் மாட்டிடுடா” என்றாள்.

நின்ற இடத்திலேயே சக்கரங்கள் ஓடும்படி, காரைச் சோதனை உருளைகள்மேல் ஏற்றிக் கட்டினார்கள். அக்கா உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வேகம் ஏற ஏற, லேப்டாப் திரையில் சென்சரின் கோடு முள்முள்ளாகக் கிளம்பியது. தம்பியின் ஹெட்போனில் ஒன்றுமே இல்லை.

“சும்மா பயங்காட்டுதுக்கா. வால்வு சத்தத்துக்கே கத்துது. சென்சரைக் கொஞ்சம் மந்தமாக்கிடறேன்.”

அக்கா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். “அதுக்கு முன்னாடி ஸ்பார்க்கை ரெண்டு டிகிரி தாமதமாக்கிப் பாரேன். நாக்கிங்னா அடங்கிடும். வால்வு சத்தம்னா அப்பவும் வரணும்ல?”

சரியான சோதனைதான். அவனுக்குத் தெரியாததா? இருந்தும் விரல் தயங்கியது. மாற்றினான். அக்கா மறுபடி மிதித்தாள். கோடு தூங்குகிற பிள்ளைபோலப் படுத்துக்கொண்டது.

அவன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “நிஜமாவே நாக்கிங்தான். எனக்குத்தான் கேக்கலக்கா.”

“தெரியும்டா.”

“எப்படி?”

“வீட்டுக்கு வந்தா டிவியை அலற விடற. என் பொண்ணு பின்னாலேருந்து மாமா மாமான்னு கூப்பிட்டா திரும்பறதே இல்ல. மாமாவுக்கு என்மேல என்ன கோவம்னு என்னைக் கேக்கறா.”

உருகிய பிஸ்டனைப் பார்த்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

“தெரிஞ்சும் வேற ஆளை வெச்சுக்காம ஏன்க்கா எங்கிட்டயே வந்தே?”

“அவ்வளவு வேகத்துல போறப்ப, இன்ஜினை யார் பண்ணாங்கன்னு நினைச்சா எனக்கு தைரியம் வரணும்டா. வேற யாரை நினைக்கறது?” அவன் தோளில் ஒரு தட்டு தட்டினாள். “சென்சர் கேக்கட்டும், நீ யோசி. எழுந்திரு, வேலையைப் பாரு.”

ஸ்பார்க்கைத் துளித்துளியாக முன்னே தள்ளுவான். முள் தலைகாட்டியதும் பின்வாங்குவான். மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை அப்படியே போனது. இன்ஜினின் பலம் அவன் ஆசைப்பட்டதைவிட ஒரு மாற்றுக் குறைவுதான். மாலையில் நேரே அக்கா வீட்டுக்குப் போய், மருமகளை எதிரே உட்காரவைத்து, “மாமாவுக்குக் கோவம் இல்லடா கண்ணு, காது மந்தம்” என்றான். அவள் எழுந்து வந்து, அவன் இரண்டு காதுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த பந்தயத்தில் அக்கா நான்காவதாகத்தான் வந்தாள். இன்ஜின் கடைசிவரை முனகவில்லை. அடுத்த வாரம் காது டாக்டரிடம் அவனை அவளே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வரிசையில் காத்திருந்தபோது, வளைவுகளில் கார் கொஞ்சம் இழுக்கிறது, அதையும் பார் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.