மூடாத அம்பாரம்

ஐப்பசி பிறந்த பிறகும் முதலாளி தளவாயின் உப்பளத்தில் அம்பாரங்கள் திறந்தே கிடந்தன. தை மாதம் தொடங்கி வெயிலில் வாரிக் குவித்த உப்பு, கூரை உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. மழைக்கு முன்னால் போர்த்த வேண்டிய பனையோலையும் தார்ப்பாயும் பக்கத்திலேயே கட்டுக்கட்டாகக் கிடந்தன. போர்த்தத்தான் ஆளில்லை. ஆளில்லாமல் என்ன, அத்தனை பேரும் வரப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு.

முன்வரிசையில் இருந்தவள் வடிவம்மாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் உப்பு வாருகிறவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம் என்று முத்தையாபுரம் முழுக்கப் பேர். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஷெர்லின் திரும்பி வர வேண்டும்.

ஷெர்லின் கடற்கரைத் தெருப் பெண். தளவாயின் அரவை மில்லில் உப்புப் பாக்கெட் போட வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? காலுக்கு பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, பெண்களுக்குக் கக்கூஸ் என்று கேட்டு ஒரு சங்கத்தையே கூட்டிவிட்டாள். அதற்குக் கொடியும் கிடையாது, கட்சியும் கிடையாது. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களின் கூலியில் ஒப்பந்தக்காரர்கள் கைவைத்தபோது ஊரே திரண்டு கலெக்டர் ஆபீசுக்கு நடந்தது. ஷெர்லின் முன்னால் போக, உப்பளமும் நடந்தது. போலீஸ் அடித்த அடியில் வடிவம்மாளின் தோள்பட்டை வீங்கிப்போனது. மறுநாள் தடையுத்தரவு போட்டார்கள். அதற்கடுத்த நாள் ஷெர்லினை வீட்டிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால், அப்படி ஒருத்தி இங்கே வரவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

கட்சிச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். வேலைக்குப் போங்கள், நாங்கள் மேலே பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று வடிவம்மாள் கேட்டாள். வந்த வழியே போய்விட்டார்கள்.

ஷெர்லினின் போட்டோவைப் போலீசுக்குக் கொடுத்தது தளவாய்தான். கங்காணி அய்யாக்குட்டி குடிபோதையில் உளறிவிட்டான். பிடித்துக் கொடுக்கத் தெரிந்த மனுஷனுக்கு விடுவிக்கவும் வழி தெரியும் என்பது வடிவம்மாளின் எண்ணம். தளவாயும் லேசுப்பட்டவர் இல்லை. அம்பாரம் போர்த்த வெளியூர் ஆட்களை வேன் வைத்து வரவழைத்தார். ஆனால் ஊர் எல்லையில் தடுப்புப் போட்டிருந்த போலீசே அந்த வேனை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. தடையுத்தரவு நேரத்தில் கும்பலாக வரக்கூடாதாம். அன்றைக்கு வரப்பில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சிரிப்பெல்லாம் மேகம் வரும்வரைதான். அன்று மத்தியானம் கடலுக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் கறுத்துவிட்டால் யார் உப்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று பார்க்கமாட்டார்கள். வாயில் வைத்த கஞ்சியைத் துப்பிவிட்டு ஓடிப்போய் அம்பாரத்தைப் போர்த்துவார்கள். ஜென்மப் பகையாளியின் உப்பென்றாலும் ஓடுவார்கள். வடிவம்மாளின் கை அவளைக் கேட்காமலே ஓலைக்கட்டுப் பக்கம் நீண்டது. பின்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் எழுந்தே விட்டார்கள்.

அய்யாக்குட்டி ஓடிவந்தான். "மேகத்துக்கு முன்னால பகை பாக்கலாமா மதினி? இது நாம ஒழச்ச உப்புல்லா?"

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. முதலாளி உப்பு என்று சொல்லியிருந்தால் கரையட்டும் என்று போயிருப்பாள். இது அவள் உப்பு. கால் வெடிப்பெல்லாம் எரிய எரிய வாரியது. அழுகை வந்தது. ஆனாலும் நீண்ட கையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, எல்லாரும் உக்காருங்க," என்றாள். "உப்பு போனா அடுத்த தையில வாரிக்கிடலாம். அந்தப் பிள்ளை போனா எந்தப் பாத்தியில போயி வாருவ?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

தளவாயின் கார் வந்து நின்றது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, நீங்கள் மழையில் நனையப் போகிறீர்களே என்று தொடங்கினார். முதலில் போர்த்துங்கள், அப்புறம் அந்தப் பெண் விஷயமாகப் பேசுகிறேன் என்றார். பிள்ளை வந்தால் போர்த்துவோம் என்றாள் வடிவம்மாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்டார்.

"உப்பு இட்டது யாரு அண்ணாச்சி?" என்றாள் வடிவம்மாள்.

தூறல் விழுந்தது. அம்பாரத்தின் உச்சியில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக விழுந்தது. தளவாய் அதைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார்.

தூறல் வலுக்கும் முன்னமே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வரவே இல்லை என்று சொன்ன ஸ்டேஷனிலிருந்து ஷெர்லின் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. ஒரு காலை ஊன்ற முடியாமல் நொண்டினாள். ஜீப் திரும்பிப் போய்விட்டது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அழுதபடியே ஓலைக்கு ஓடினார்கள். வடிவம்மாள் அம்பாரத்தின் மேல் ஏறி முதல் ஓலையை விரித்தாள். தளவாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஷெர்லின் அம்பாரத்தின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வடிவக்கா, அங்கன இன்னும் ஏழு பேரு இருக்காவ. துறைமுகத்துல சுமை தூக்குறவிய. ஒருத்தருக்குக் கை ஒடிஞ்சு தொங்குது. அவிய பேரக் கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லுவான்."

அவ்வளவுதான் சொன்னாள். போர்த்தாதே என்று சொல்லவில்லை.

வடிவம்மாள் காலடியில் கிடந்த ஓலையைப் பார்த்தாள். பிறகு அதை உருவிக் கீழே போட்டுவிட்டு, சறுக்கி இறங்கி, வரப்பில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஷெர்லின் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். அய்யாக்குட்டிகூட ஓரமாக வந்து குத்தவைத்தான்.

பிள்ளை வந்தால் போர்த்துவேன் என்று சொன்ன வாய்தானே இது என்று தளவாய் கத்தினார்.

"இதே வாய்தான்," என்றாள் வடிவம்மாள். "ஒருத்திய மட்டும் கேட்டது எங்க தப்பு அண்ணாச்சி. போன எடுங்க."

மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து உப்பளத்தில் போர்த்திக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டு இந்த வரப்பில் உட்கார நடந்து வந்தார்கள்.