தம்பி உட்கார ஒரு மரக்குடில்

தம்பிக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. ஆள் அத்தனை உயரம் என்பதால் கூட்டாளிகள் அவனை ‘ஏணி’ என்றே கூப்பிடுவார்கள். போன கோடையில் ஒரு மரச்சாமான் கிடங்கு பற்றி எரிந்தபோது உள்ளே போனவன், பின்பக்க அறையில் மாட்டிக்கொண்டான். உள்பக்கமாகத் திறக்கும் கதவு; அதன் மேல் ஓர் அலமாரி சரிந்து கிடந்தது. கூட்டாளிகள் சுவரை உடைத்துத்தான் அவனை வெளியே இழுத்தார்கள்.

உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு மூடிய அறை என்றாலே அவனுக்கு மூச்சு முட்டியது. லிஃப்ட் பக்கமே போவதில்லை. குளிக்கும்போதுகூடக் கதவை ஒருக்களித்து வைப்பான். டாக்டர் மாத்திரையோடு தியானமும் பழகச் சொன்னார். வகுப்புக்குப் போனான். கதவைச் சாத்தியதுமே செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்துவிட்டான்.

“மரத்தடியில உக்காரு மாப்ள. காத்தும் ஆச்சு, நிழலும் ஆச்சு” என்றார் அக்காவின் கணவர்.

“வெளிய உக்கார எனக்குத் தெரியும் மாமா. எனக்கு உள்ள உக்காரணும்” என்றான் தம்பி.

அக்கா ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இருந்தாள். அடுக்குமாடிகளுக்குக் கார் நிறுத்துமிடம் வரைந்து வரைந்து சலித்துப் போனவள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை விரித்தாள். ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டிய சரிவில், அப்பா விட்டுப்போன சின்ன நிலம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கே ஒருவர் மட்டும் உட்காருகிற குடில். ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது. சிமென்ட் ஊற்றக் கூடாது. நாளைக்கே வேண்டாமென்றால் கழற்றி எடுத்துப் போகும்படி, மண்ணில் தடமே இல்லாதபடி இருக்க வேண்டும். இவ்வளவும் அவள் மனதில் தெளிவாக இருந்தது. தம்பிக்கு எது பொருந்தும் என்பது மட்டும்தான் தெளிவாக இல்லை.

முதலில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்து வரைந்தாள்.

“மீன் தொட்டியா அக்கா இது? வர்றவன் போறவன் எல்லாம் எனக்குப் பொரி போடுவான்.”

அடுத்து மண் சுவர் வைத்து வரைந்து காட்டினாள். அவன் தாளைத் திருப்பித் தள்ளினான்.

“மரத்துல போடு.”

“டேய், யோசிச்சுத்தான் சொல்றியா? அன்னிக்கு எரிஞ்சதும் மரம்தான்டா.”

“மரத்தப் பாத்துப் பயந்துக்கிட்டே இருந்தா நான் எப்படி திரும்ப வேலைக்குப் போறது?”

மறுநாளே இருவரும் நிலத்துக்குப் போனார்கள். குச்சி நட்டு, கயிறு கட்டி, தரையில் அறையின் அளவைக் குறித்தாள். தம்பி கயிற்றுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடினான். சட்டென்று எழுந்து இடது பக்கம் பாய்ந்தான். திரும்ப உட்கார்ந்தான். இந்தத் தடவை வலது பக்கம் பாய்ந்தான். அவன் பாய்ந்த இரண்டு இடத்திலும் அவள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கதவு. இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். தாழ்ப்பாள் கிடையாது, தோளால் இடித்தாலே போதும்.

இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்திலிருந்து உத்தரமும் பலகையும் கிடைத்தன. கருங்கற்களின் மேல் மரக்கால்களை நிறுத்தி, ஆணி அடிக்காமல் திருகுகளால் சட்டத்தைப் பூட்டினார் தச்சர். கைவேலை ஓடுகிற அளவுக்கு வாயும் ஓடும் மனிதர். வெளிச்சுவர்ப் பலகைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் குரலைத் தணித்தார்.

“மேடம், பெயின்ட், மருந்து எதுவும் வேணாம்னு சொல்லிட்டீங்க. அப்போ ஒரே வழிதான். பலகை மேல கேஸ் டார்ச்சால தீயக் காட்டி, மேல்தோல கருக்கிடணும். கரியேறின பலகைய பூச்சி சீக்கிரம் தொடாது, மழைத்தண்ணியும் ஊறாது. ஆனா தம்பி இங்க இருக்கும்போது எப்படி...”

“அவனுக்குத் தெரிய வேணாம். உங்க பட்டறையிலயே முடிச்சுக் கொண்டு வந்துடுங்க” என்றாள்.

பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

“நெருப்பு வைக்கிற வேலைக்கு என்னை விட்டுட்டு வேற யாரைக் கூப்பிடுவீங்க?” என்றான். சிரிக்கவில்லை.

அக்கா வேண்டாம் என்று கெஞ்சினாள், அதட்டினாள். அவன் வாளிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துவிட்டு, காய்ந்த இலைகளைக் கூட்டித் தள்ளி, டார்ச்சைக் கையில் வாங்கினான். முதல் பலகை கருகி, அந்த வாசனை எழுந்தது. அவன் முகம் வெளிறியது. டார்ச்சை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, புதருக்குப் பின்னால் போய்க் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான்.

“போதும்டா. வா, வீட்டுக்குப் போலாம்.”

“இன்னிக்குப் போலாம்” என்றான் அவன்.

மறுநாள் அவளுக்கு முன்பே அங்கே இருந்தான். அன்றும் வாந்தி வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த பலகையை எடுத்தான். வாரக் கடைசியில் வாந்தி நின்றிருந்தது. கருகிய பலகையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, “ஒரே பக்கமா தேய்ங்க, திட்டுத் திட்டா தெரியுது” என்று தச்சரையே விரட்டினான்.

“உங்க தம்பி தீயணைக்கப் போறதுக்கு முன்னாடி எங்கயாவது மேஸ்திரியா இருந்தாரா மேடம்?” என்று கேட்டார் தச்சர்.

சுவர் ஏறியது, கூரை ஏறியது. கறுப்பாக, மரங்களுக்கு நடுவே ஒரு நிழல்போல நின்றது குடில். தச்சர் தன் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு தம்பி உள்ளே போனான். அக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

கதவு மூடியது. உடனே படாரென்று திறந்தது. வெளியே வந்து முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்று மூச்சு வாங்கினான். மறுபடி உள்ளே போனான். இந்தத் தடவை எதிர்ப்பக்கக் கதவு வழியாக வந்து விழுந்தான். அவள் எழப் போனாள். கையைக் காட்டித் தடுத்தான். இப்படியே போய்ப் போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் வெளியே வர இன்னும் சற்று நேரமானது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். எழுந்து போய் அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

பிறகு ஒரு தடவை கதவு திறக்கவே இல்லை. அணில் ஒன்று கூரை மேல் ஓடியது. வெயில் மரத்துக்கு மரம் நகர்ந்தது. அவளுக்குப் பயம் வந்தது. கூப்பிடலாமா என்று எழுந்தபோது கதவு மெதுவாகத் திறந்தது. தம்பி நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றான். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

“என்னடா ஆச்சு?”

“கால் மரத்துப்போச்சு அக்கா.”

அவள் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. அவன் காலை உதறி, பாதத்தை அழுத்தித் தேய்த்துவிட்டு, மறுபடி உள்ளே திரும்பினான்.

“எங்கடா போற? இன்னிக்குப் போதுமே.”

“இப்பத்தான் மூச்சு ஒழுங்கா வந்துச்சு. நீ வீட்டுக்குப் போ, நான் பஸ்ல வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.