துவைக்காத சட்டைகள்

விடியுமுன்பே கொதிநீர்த் தொட்டியின் ஆவி முகத்தில் அறைந்தது. ஈர விரிப்பு பிணமாய்க் கனத்தது. ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை வெடி முறுக்கினாள். சிரித்தால் கூரை அதிரும், அதனால் அந்தப் பெயர். இன்று அவள் சிரிக்கவில்லை.

"உம் பொண்ணு இப்பல்லாம் அழறதே இல்லையே, ஏன்?"

எனக்கும் அதே கவலைதான். சலவைக்கூடத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டு நகர்ந்தால் என் ஐந்து வயது மகள் மூச்சுத் திணற அழுவாள். செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்று ஊரே ஏசியது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் சொன்னார்: "பிடிவாதம் இல்லம்மா, இது பிரிவுப் பதற்றம். குணமாகும். காப்பகத்துல தினமும் கொஞ்ச நேரம் கூட உக்காருங்க. மெல்ல மெல்லக் குறைச்சுக்கலாம்."

அதற்கு முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "இது சலவைக்கூடமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று விரட்டினார். சில நாளில் அவரே பல்லைக் காட்டினார். "நம்ம காப்பகத்துல உம் பொண்ணு தங்கமாயிட்டா பாத்தியா!"

தங்கமா? மாலையில் என் தோளில் துவண்டு கிடக்கிறாள். சட்டைக் கழுத்தில் மருந்து சிந்தினாற்போல் இளஞ்சிவப்புக் கறை.

"எம் பையன் சட்டையிலயும் இருந்துச்சு," என்றாள் வெடி. இஸ்திரி போடும் அக்கா திரும்பினாள். "எம் பேத்தி சட்டையிலயும்!"

"அந்தச் சட்டையெல்லாம் எங்க?" என்றேன்.

"துவைச்சிட்டேன்."

"நானுந்தான்."

அட பாவிகளா! கறையைக் கண்டால் சும்மா இருக்காத கைகள். சாட்சியை நாங்களே சோப்புப் போட்டு அலசியிருக்கிறோம்!

முதலாளி வந்ததும் மறித்தோம். "பிள்ளைங்களுக்கு என்னங்கய்யா குடுக்கறீங்க?"

"சத்து மருந்து. ஓசியில குடுத்தா கேள்வி வேறயா?"

"பாட்டிலைக் குடுங்க, டாக்டரம்மாகிட்ட காட்டறோம்."

அவர் கண் அலமாரிக்கு ஓடித் திரும்பியது. "இஷ்டமில்லன்னா வாசல் திறந்திருக்கு."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்," என்று வெடி முணுமுணுத்தாள்.

அன்று எந்த வீட்டிலும் சட்டை துவைக்கவில்லை.

மறுநாள் விடியலில் ஆவி எழவில்லை. இடுப்பில் பிள்ளைகளும் கையில் கறைச் சட்டைகளுமாய் வாசலில் நின்றோம். முதலாளி உள்ளிருந்து கத்தினார். "ஆள் மாத்திடுவேன்!"

"மாத்துங்க. பாட்டில் வெளிய வராம தொட்டி கொதிக்காது!" என்றோம்.

இஸ்திரி அக்கா என் காதருகே சொன்னாள். "உள்ள போனதும் நீ பிள்ளைகூட உக்காரு. டாக்டரம்மா சொன்ன மாதிரி. உன் விரிப்பை நாங்க முறுக்கிக்கறோம்."

வெயில் ஏற ஏற மருந்து மயக்கம் தெளிந்து, காப்பகக் கதவைப் பார்த்ததும் என் மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன்! நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அழுடி கண்ணு," என்றேன். "நல்லா சத்தமா அழு. அம்மா இங்கதான் இருக்கேன்."